பூவத்துக்குப் போன மாப்பிள்ளை

நூகு அறைக்குள் இருந்தார். அறையின் ஒரே வாசலில் நீர்மூழ்கி நின்றது. அதற்கு அந்தப்புறம் மொத்தக் குடும்பமும் நின்று கத்திக்கொண்டிருந்தது.

நீர்மூழ்கி என்றால் நிஜ நீர்மூழ்கி அல்ல. காசு போட்டால் ஓடுகிற விளையாட்டு மெஷின். ஆளுயரப் பெட்டி, முகப்பில் ஒரு குழாய். காசைப் போட்டுவிட்டுக் குழாயில் கண்ணை வைத்தால் உள்ளே இருண்ட கடல் தெரியும். அதில் தகரக் கப்பல்கள் வரிசையாகப் போகும். பொத்தானை அழுத்தினால் தண்ணீருக்கடியில் ஒரு ஒளிப்புள்ளி ஓடிப்போய்க் கப்பலில் மோதும். அடிபட்ட கப்பல் சிவந்து போகும். கம்ப்யூட்டர் கிம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. கண்ணாடி, பல்பு, மோட்டார், சைக்கிள் சங்கிலி மாதிரி ஒரு சங்கிலி, அவ்வளவுதான். எழுபதுகளில் செய்தது.

ஷார்ஜாவில் ஒரு விளையாட்டு அரங்கில் இந்த மாதிரி மெஷின்களுக்கு வைத்தியம் பார்ப்பதுதான் நூகுவுக்கு வேலையாக இருந்தது. அரங்கை மூடியபோது கூட இருந்தவர்கள் கணக்கு முடித்துக்கொண்டு தங்கம் வாங்கினார்கள். இவர் நீர்மூழ்கியைப் பிரித்து மூட்டை கட்டி ஊருக்கு அனுப்பினார். அதற்குப் பிறகு அந்த நோய் முற்றிவிட்டது. ரயில் நிலையத்தில் துருப்பிடித்துக் கிடந்த எடை மெஷின், பொருட்காட்சிக்காரர் தூக்கிப் போட்ட காசுக் குதிரை, குண்டு உருட்டும் பலகை என்று ஒவ்வொன்றாக வந்து கீழ் அறையை அடைத்தன. எல்லாவற்றையும் ஓட வைத்தார். யார் விளையாடப் போகிறார்கள் என்று கேட்டால் மட்டும் அவருக்குக் கோபம் வரும்.

இப்போது மகள் இஃபாத்துக்குக் கல்யாணம். இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. இவர்கள் குடும்பங்களில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து சேர வேண்டும். நூகுவும் அப்படி வந்தவர்தான். வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. அடுத்து வரும் மாப்பிள்ளைக்கு அந்தக் கீழ் அறை என்று முடிவாகி, குளியலறை கட்டி, சுண்ணாம்பு போய்ப் புதுப் பெயிண்டும் அடித்தாயிற்று. மற்ற மெஷின்களெல்லாம் தருமபுரத்தில் ஒரு வாடகைக் கொட்டகைக்குப் போய்விட்டன. பெயிண்டர்கள்கூட நீர்மூழ்கியைச் சுற்றிக்கொண்டுதான் அடித்தார்கள். அது ஒன்றுதான் பாக்கி.

லோடு ஆட்டோக்காரர் எழிலன் மத்தியானம் வருகிறேன் என்றார்; வரவில்லை. சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் அறை பார்க்க வருகிறார்கள். நூகுவுக்குப் பொறுமை ஒரு நாளும் இருந்ததில்லை. பெட்டியைச் சற்றுச் சாய்த்து, முதுகைக் கொடுத்து, உள்ளேயிருந்து வாசலை நோக்கித் தம் கட்டித் தள்ளினார். முன் கால்கள் வாசற்படியைத் தாண்டிக் கூடத்துப் பக்கம் தொப்பென்று இறங்கின. மேல் மூலை வாசல் நிலையில் போய் அறைந்தது. அதோடு சரி. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. பக்கத்தில் இருந்த இடுக்கில் ஒரு பூனை நுழையலாம். நூகுவின் தொந்தி நுழையாது. ஜன்னலில் இரும்புக் கம்பி.

தப்பு அவருடையதுதான். பழைய பெட்டி இரண்டு துண்டாகச் செய்து போல்ட்டு போட்டு இணைத்தது. அந்த இணைப்பில் மயிரிழை அளவு வெளிச்சம் கசிந்து, நடுக்கடலில் ஒரு வெள்ளைக் கோடு விழும். விளையாடுகிறவன் கவனிக்கவே மாட்டான். நூகு கவனித்தார். கவனித்த பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. பழைய பலகையைக் கழித்துவிட்டு, இதே அறையில் உட்கார்ந்து, புதுப் பலகையில் ஒரே பெட்டியாகச் செய்து, முளையடித்துப் பசை போட்டு இறுக்கினார். கடல் கும்மிருட்டாக வந்தது. அந்தச் சந்தோஷத்தில் வாசலை அளக்க மறந்துபோனார்.

"மச்சான்!" ஜெகபர் அலியின் குரல். மனைவி சித்திக்காவின் அண்ணன், அவளுக்கு 'நானா'. "ரம்பம் உள்ளதானே இருக்கு? நடுவுல ஒரு அறுப்பு அறுங்க. ரெண்டு துண்டா இழுத்துப் போட்டுட்டு வெளிய வாங்க. ஒட்டுன சாமான்தானே, அப்புறம் ஒட்டிக்கலாம்."

"நடுவுலதான் மச்சான் கடலே இருக்கு. ரம்பம் பட்டா கண்ணாடி போயிடும், வரைஞ்ச தகடு போயிடும். அப்புறம் அது வெறும் பொட்டி."

"அப்ப என்னதான் பண்ணலாங்கிறீங்க?"

"நிலையில ஒரு கால மட்டும் எடுத்தா போதும். முத்தையன் ஆசாரிய கூப்பிடுங்க. சட்டுனு கழட்டி, நாளைக்கே திருப்பி வச்சுக் கொடுத்துடுவாரு."



ஜெகபர் அலியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவரும் இன்னொரு வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனவர்தான். அங்கே அவர் விசிறியின் வேகத்தைக் கூட்டுவதற்குக்கூட யாரையாவது கேட்டுக்கொண்டுதான் எழுந்திருப்பார். தங்கை வீட்டுக்குள் கால் வைத்துவிட்டால் போதும், மனிதருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். அங்கே விழுங்கியதையெல்லாம் இங்கே வந்து துப்புவார்.

"எங்க உம்மா பர்மா தேக்குல வச்ச நிலை இது," என்றார் ஜெகபர் அலி. "அதுல கை வைக்கச் சொல்றதுக்கு நீங்க யாரு மச்சான்?"

நூகுவுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் இதை யாரும் அவர் முகத்துக்கு நேரே கேட்டதில்லை. இப்போதும் முகத்துக்கு நேரே கேட்கவில்லை, நடுவில் பெட்டி இருந்தது. சித்திக்கா ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தார். வீடு அவள் பெயரில்தான் இருக்கிறது. அவள் மூச்சு வாங்குவது அவருக்குக் கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை.

அவர் ரம்பத்தைப் பார்த்தார். சுவரோரம் சாய்ந்து நின்றது. அறுத்துவிடலாம், கால் மணி நேர வேலை. தன் தாய் வீட்டைத் தங்கைக்கு எழுதிக் கொடுத்தபோது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, அது முறை. சம்பாதித்ததில் இந்த வீட்டுக்கு மாடி எடுத்தார், அதுவும் முறை. தன்னுடையது என்று அவர் முழுசாக வைத்திருந்தது இந்த இருட்டுக் கடல் ஒன்றைத்தான். அதை அறுக்க அவருக்குக் கை வரவில்லை. ஆத்திரம் மட்டும் தாராளமாக வந்தது. போய்க் குளியலறைக் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். புது மாப்பிள்ளைக்காக வைத்திருந்த குழாய். தண்ணீர் நன்றாகத்தான் வந்தது.

கொஞ்ச நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது. கூடத்தில் ஒரே ஓட்டம். நீர்மூழ்கியின் முகப்பை மறைத்து யாரோ சரசரவென்று திரையை இழுத்துவிட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே சந்தில் சித்திக்காவின் முகம் தெரிந்தது. கம்பி வழியாக ஒரு டம்ளர் தேநீரை நீட்டினாள்.

"என்னங்க, அவங்க வந்துட்டாங்க. நீங்க பூவத்துக்குப் பத்திரிகை வைக்கப் போயிருக்கீங்கன்னு நானா சொல்லிடுச்சு. அறை சாவி உங்ககிட்டன்னும் சொல்லிடுச்சு. அவங்க போற வரைக்கும் சத்தம் போடாம இருங்க. புள்ள கல்யாணம்ங்க."

"நான் உள்ள மாட்டிக்கிட்டேன்னு சொன்னா என்ன புள்ள குடியா முழுகிடும்?"

"சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுமே."

"உங்களுக்கு ஒண்ணுமில்ல. நாளைக்கு இஃபாத்ததான் சொல்லிக் காட்டுவாங்க." அவள் கண் கலங்கியிருந்தது. அவர் டம்ளரை வாங்கி ஒரு மடக்குக் குடித்தார். தேநீரில் சர்க்கரை இல்லை, அவசரத்தில் மறந்திருப்பாள்.

அப்படியாகப் பூவத்துக்குப் போய்விட்ட நூகு, அறையின் நடுவில் தரையில் உட்கார்ந்துகொண்டு தன் வருங்காலச் சம்பந்திகள் சமோசா கடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜெகபர் அலி நூகுவைப் பற்றிப் புகழ்ந்து பேசுவதும் கேட்டது. 'எங்க மச்சான் மாதிரி ஒரு மனுசன் கிடையாது, இந்த வீட்டுக்கு ராஜா அவருதான்.' நூகுவுக்கு டம்ளரைச் சுவரில் விட்டெறியலாம் போலிருந்தது.

சும்மா இருக்க முடியாமல் எழுந்தார். சாய்ந்ததில் சங்கிலி கழன்றிருக்குமோ என்று சந்தேகம். ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கிவிட்டு, பிளக்கைச் சொருகினார். தன் பக்கம் இருந்த பின்பலகையைத் திருப்புளியால் கழற்றி, தலையை உள்ளே விட்டார்.

சரியாக அந்த நேரத்தில்தான் கூடத்துப் பக்கம் யாரோ திரையை விலக்கினார்கள்.

வந்தது மாப்பிள்ளை ஜவஹர் அலி. துபாயில் ஏசி கம்பெனியில் வேலை. அறைக்கு எத்தனை டன் ஏசி வேண்டும் என்று பார்க்க அளவு நாடாவோடு தாயாரையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு தானே வந்திருந்தான். மற்றவர்கள் பேச்சு மும்முரத்தில் இருக்க, அறை வாசலையாவது அளப்போம் என்று திரையை நீக்கியவனுக்கு எதிரே ஒரு குழாய், ஒரு காசுத் துவாரம், 'ஒரு திர்ஹம்' என்று ஒரு தகடு. அவன் பர்ஸில் திர்ஹம் கிடந்தது. யாராக இருந்தாலும் போட்டுத்தான் பார்ப்பார்கள்.

விளக்குகள் எரிந்தன. சங்கிலி கழலவில்லை, கப்பல்கள் சாய்ந்தபடியே நகர ஆரம்பித்தன. ஜவஹர் அலி கழுத்தைச் சாய்த்துக் குழாயில் கண் வைத்தான். கரும்பச்சைக் கடல். தொலைவில் கப்பல்கள். அவற்றுக்கும் பின்னால், அடிவானத்தில், தாடியும் மூக்குக்கண்ணாடியுமாகத் தன் வருங்கால மாமனார்.

"மாமா?" என்றான் அவன், காற்றுக்குக்கூடக் கேட்காத குரலில்.

"சத்தம் போடாதீங்க மாப்ள," என்றார் நூகு. "நான் பூவத்துல இருக்கேன்."

இருவரும் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு சரக்குக் கப்பல் நூகுவின் மூக்கைக் கடந்து போனது. முதலில் சிரித்தது நூகுதான். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். ஜெகபர் அலி கேட்ட கேள்வியை மட்டும் சொல்லவில்லை.

"அவ்வளவுதானே மாமா? நிலைய எடுத்தா முடிஞ்சிது. நான் போய்ச் சொல்லவா?"

நூகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தான் கேட்டுக் கிடைக்காததை, இன்னும் இந்த வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தூங்காத பையன் போய்க் கேட்பதா? வேண்டாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. எங்கேயும் ஒரு கோடு வெளிச்சம் இல்லை.

"சொல்லுங்க," என்றார். மெஷினுக்காகத்தான் சொன்னார். சொன்னதும் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

ஜவஹர் அலி கூடத்து நடுவுக்குப் போனான். "பெரிய மாமா, மாமா உள்ள மாட்டிக்கிட்டிருக்காங்க. பாவம், அந்த நிலைய கொஞ்சம் எடுக்கச் சொல்லுங்களேன்."

சமோசா கடிக்கும் சத்தம் நின்றது. நூகு கண்ணை மூடிக்கொண்டார். இஃபாத்தின் கல்யாணம் இத்தோடு போயிற்று என்றே நினைத்தார்.

"அதைத்தான் மாப்பிள்ளை நானும் அப்பலேந்து சொல்லிக்கிட்டிருக்கேன்!" ஜெகபர் அலியின் குரல் கூடத்தை நிறைத்தது. "ஒரு மரக்கட்டை என்ன பெரிய மரக்கட்டை? மனுசன்தானே முக்கியம்? யாராச்சும் முத்தையனுக்குப் போன் போடுங்க! சித்திக்கா, நீதான் சொல்லேன்!"

"எடுக்கச் சொல்லுங்க நானா," என்றாள் சித்திக்கா. மாப்பிள்ளையின் தாயார்தான் முதலில் சிரித்தாள்; நல்ல சிரிப்பு, யாரையும் குத்தாத சிரிப்பு. பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

முத்தையன் கடப்பாறையோடு வந்தார். புதுப் பெயிண்ட் பாளம் பாளமாக விழுந்தது. பர்மா தேக்கு இரண்டு நெம்புக்கு மேல் தாங்கவில்லை. எழிலனும் ஒருவழியாக வந்து சேர்ந்தார். நீர்மூழ்கி ஒரு கீறல்கூட இல்லாமல் கூடத்தைக் கடந்து, வாசலைக் கடந்து, லோடு ஆட்டோவில் ஏறியது. நூகு அறையைவிட்டு வெளியே வந்தபோது அவரை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் மாப்பிள்ளையைச் சுற்றி நின்றார்கள். தூசி பட்டிருக்கும் என்று ஒருவர் துண்டு கொடுத்தார், ஒருவர் சர்பத் கொடுத்தார். ஜெகபர் அலி தன் கையாலேயே அவன் சட்டையைத் தட்டிவிட்டார்.

நூகுவுக்கு நினைத்தது கிடைத்துவிட்டது. கடல் முழுசாக வெளியே நிற்கிறது. ஆனால் அறைக்குள் அடைபட்டுக் கிடந்தபோது இல்லாத ஒரு இறுக்கம் இப்போது நெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தது. கதவு திறந்து ஆள் வெளியே வந்த பிறகும் மூச்சு முட்டுவதை அவர் இன்றுதான் பார்த்தார்.

கயிறு கட்டுவதற்கு உதவ ஜவஹர் அலி தெருவுக்கு வந்தான். நூகு அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மாப்ள, வேண்டியதையெல்லாம் இப்பவே கேட்டு வாங்கிக்குங்க."

அவன் கிண்டல் என்று நினைத்துச் சிரித்தான்.

"சிரிக்காதீங்க. இப்ப நீங்க சுவர இடிக்கச் சொன்னாலும் இடிப்பாங்க. கொஞ்ச நாள்தான் அது. எப்ப நின்னுச்சின்னு உங்களுக்கே தெரியாது. பெருசா கேளுங்க."

ஜவஹர் அலியின் சிரிப்பு மெல்ல இறங்கியது. அவன் வீட்டைத் திரும்பிப் பார்த்தான். நிலை இல்லாத வாசல் வழியாக அவன் அறை தெரிந்தது. பிறகு நூகுவைப் பார்த்தான்.

"நீங்க புதுசா வந்தப்ப என்ன கேட்டீங்க மாமா?"

நூகு கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.

"மீன் கேட்டேன் மாப்ள," என்றார். "கொடுவா மீன்."