அறுத்த வயலுக்கு மானியம் கிடையாது

மே தினக் கிராம சபைக்கு டேனியல் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தான். மழையில் பயிர் போனவர்களுக்கு அரசாங்கம் தரும் இடுபொருள் மானியத்தின் பட்டியலை அன்றைக்கு மைக்கில் வாசிக்கிறார்கள். விண்ணப்பம் போட்ட எல்லாருடைய பெயரையும், கிடைத்ததா இல்லையா என்பதையும் ஊரறிய வாசித்துச் சுவரிலும் ஒட்ட வேண்டுமாம். நல்ல விதிதான், யார் குறை சொன்னார்கள்?

டேனியலின் அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டே காலம் தள்ளியவர்கள். இவன் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து பட்டுக் கடைகளுக்குக் கல்யாணக் கூட்டத்தை ஆட்டோவில் ஏற்றி இறக்கி, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, தாமலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஏக்கர் வாங்கினான். அவன் வம்சத்துக்கே அதுதான் முதல் பட்டா. 'விவசாயி டேனியல்' என்று மைக்கில் ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும் அவனுக்கு. பணம் அதற்கு அப்புறம்தான் என்று சொன்னால் மனைவி சம்பூர்ணம் அடிக்கவே வருவாள்.

பெயர் வந்தது.

"டேனியல். நெல். சேதம் இல்லை."

சேதம் இல்லையாம்! பொங்கலுக்கு முன்னால் கொட்டிய மழையில் முற்றிய கதிர் அத்தனையும் தண்ணீரில் படுத்துவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் முழங்கால் தண்ணீரில் இறங்கி, கைக்கு அகப்பட்டதை அறுத்துவந்து தார் ரோட்டில் காயவைத்தார்கள். அந்த வாடை அடிக்கிற அரிசியைத்தான் இன்னும் பொங்கித் தின்கிறார்கள். அதற்கப்புறம் கணக்கெடுக்க வந்தவர் போனில் படம் பிடித்தது அறுத்த வயலில் மிஞ்சிய வெறும் தாளை. பக்கத்து வயல்காரர் சரத்குமார் அந்த வருஷம் விதைக்கவே இல்லை. அவர் வயலில் தண்ணீருக்குள் நின்ற கோரைப் புல், படத்தில் பயிர் மாதிரியே பச்சையாக விழுந்தது. அவருக்கு மானியம் வந்துவிட்டது.

"ஆட்சேபணை இருந்தா சொல்லுங்க" என்றார் அதிகாரி.

டேனியல் எழுந்தான். "சார், என் பயிர் மொத்தமும் படுத்துக்கிச்சு சார். நாங்கதான் தண்ணியில எறங்கி அறுத்துக்கினு வந்தோம்."

அதிகாரி கோபப்படவில்லை. அவருக்கும் அலுப்பு. "ஏம்பா அறுத்தே? அப்படியே விட்டிருந்தா போட்டோல வந்திருக்கும். அறுத்த வயலுக்கு நான் என்னத்த எழுதறது?"

கூட்டம் சிரித்தது. சரத்குமாரும் கூச்சமே இல்லாமல் சிரித்தார். பட்டியல் பஞ்சாயத்துச் சுவரில் எழுத்து வெளுக்கும்வரை இருந்தது. டேனியல் தினமும் ஆட்டோவில் அதைத் தாண்டித்தான் போய்வந்தான்.

அடுத்த மார்கழிக் கடைசியிலும் மழை விடவில்லை. நெல் படுத்தது. சம்பூர்ணம் அரிவாளோடு கிளம்பினாள். டேனியல் வரப்பில் குறுக்கே நின்றான்.

"வேணாம்மா. மொதல்ல படம் எடுக்க வரட்டும்."

"மொளைச்சிடும்யா. இன்னிக்கே அறுத்தா பாதியாவது தேறும்."

"போன தபா தேத்தி இன்னாத்தக் கண்டோம்?"

அவள் அரிவாளை வரப்பில் போட்டுவிட்டுத் திரும்பிப் போனாள்.

அன்றைக்கு யாரும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. டேனியல் ஆட்டோவையும் எடுக்காமல் வயலைச் சுற்றிச் சுற்றி வந்தான். குனிந்து ஒரு கதிரைத் தூக்கிப் பார்த்தான். மணிக்கு மணி வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. அரிவாள் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. அவன் அதை எடுக்கவில்லை.

கணக்கெடுப்பவர் வந்தபோது வயல் அழுகி நாற ஆரம்பித்திருந்தது. "படம் நல்லா வருது. இன்னும் கொஞ்சம் உள்ள போய் நில்லுங்க" என்றார் அவர். டேனியல் தன் நெல்லையே மிதித்துக்கொண்டு உள்ளே போய் நின்றான்.

மறுபடி மே தினம் வந்தது, மைக்கும் வந்தது.

"விவசாயி டேனியல். நெல். முழுச் சேதம்."

பக்கத்தில் இருந்தவர்கள் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். சரத்குமார்கூடக் கை கொடுத்தார்.

"ஆட்சேபணை இருந்தா சொல்லுங்க."

பெண்கள் பக்கத்திலிருந்து சம்பூர்ணம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். டேனியல் தலையைக் குனிந்துகொண்டான்.