வாடை இல்லாத குழி

அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அதை நம்பி ஒருத்தன் சாவு வரைக்கும் போவான் என்று யார் கண்டது?

ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் நானும் கவுஸ் பாஷாவும் கூட்டாக ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை நடத்தினோம். இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் அது. பழைய ஃபிரிட்ஜுகளில் அடைக்கிற கேஸ் மேலே போய் வானத்தில் ஓட்டை போடுகிறது, அதனால் அதை ஒழிக்கிறார்கள் என்று சொல்லி, மெக்கானிக்குகளுக்கு வேலூரில் மூன்று நாள் வகுப்பு வைத்தார்கள். நான் போனேன். கவுஸ் வரவில்லை. "கேஸை வெளியே விடாதீங்க. கையில இருக்கறத இந்த ஃபாரத்துல எழுதிக் குடுங்க. லைசென்ஸ் இருக்கறவர் வந்து எடை போட்டு வாங்கிக்குவார்" என்றார் வகுப்பு எடுத்தவர். அவ்வளவுதான் விஷயம். எங்களிடம் அந்தக் கேஸ் இரண்டு பெரிய சிலிண்டர் நிறைய இருந்தது. மூடிப்போன ஒரு ஐஸ்கிரீம் கம்பெனியில் வாங்கிப் போட்டது.

நான் ஃபாரத்தோடு கடைக்குள் கால் வைத்ததுமே கவுஸ் ஆரம்பித்துவிட்டான்.

"வாடா வாத்தியாரே! இருபது வருஷமா கேஸ் அடிக்கிறவன் ஸ்லேட்டு பலப்பத்தோட போய் குந்திக்கினு வந்திருக்கான் பாரு!"

பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு எப்போதும் மூக்கு நுனியில் கோபம்.

"நல்லா சிரி. அந்த ரெண்டு சிலிண்டரோட மாட்டினா ஏழு வருஷம் உள்ள. ஜாமீன்கூட கெடையாது. இந்த வாரமே ஜீப்பு வருது" என்றேன்.

வகுப்பில் அப்படி ஒரு வார்த்தைகூட யாரும் சொல்லவில்லை. கவுஸின் சிரிப்பு நின்றுவிட்டது. "நெஜமாவா ஆலன்?" என்று கேட்டான். "பின்ன?" என்றேன்.

அன்றைக்கே இரண்டு சிலிண்டரையும் சாக்குப் போட்டு மூடினான். ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் கடைக்குப் பின்னால் போய் நின்றான். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நானும் நாலு நாள் ஓட்டினேன். அவன் பயப்படுவதைப் பார்க்க எனக்குக் குஷியாக இருந்தது. வெட்கம் கெட்ட குஷி. சனிக்கிழமை ஷட்டரை இறக்கும்போது, "கையில சிலிண்டரு, பேரு கவுஸ் பாஷா. போலீஸ்காரன் இன்னான்னு எழுதுவான்னு உனக்குத் தெரியாது தோஸ்த்" என்றான். நெஞ்சில் சுருக்கென்றது. அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் சர்ச்சில் ஆராதனை முடிந்து வெளியே வருகிறேன், வாசலில் ஆட்டோவோடு ஜஹீருன்னிசா நிற்கிறாள். கவுஸின் மனைவி. முகம் வெளிறிக் கிடந்தது.

"அண்ணா, அவரு ரெண்டு சிலிண்டரையும் மீன்பாடி வண்டியில ஏத்திக்கினு போய்ட்டாரு. ராத்திரியெல்லாம் தூங்கல. அந்தக் காத்து மேல போனாத்தான குத்தம், பள்ளத்துல விட்டா மேல போவாதுன்னு சொல்றாரு."

"எந்தப் பள்ளம்?"

"மூடிக் கெடக்குதே, ஆத்தோரத் தோல் ஷாப்பு. அங்க சுண்ணாம்புக் குழி இருக்குதாம்."

 அந்தக் கேஸ் காற்றைவிடக் கனம் என்றும், பள்ளத்தில் விட்டால் அங்கேயே தங்கி மூச்சுக்காற்றை வெளியே தள்ளிவிடும் என்றும் வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. உள்ளே இறங்கினவனுக்குச் சாகிறோம் என்றுகூடத் தெரியாது. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். ஜெபம் பண்ணப் பார்த்தேன், ஒரு வார்த்தையும் வரவில்லை. கர்த்தரே, கர்த்தரே என்று மட்டும் வாய் சொல்லிக்கொண்டே இருந்தது.

தோல் பதனிடுகிற அந்த ஷாப் வாசலில் வாட்ச்மேன் பச்சையப்பன் நின்றிருந்தார். ஒரு காலத்தில் அங்கேயே தோலை ஊறப்போடுகிற குழியில் வேலை பார்த்தவர்.

"பாய் எங்க?" என்று கத்தினேன்.

"குழியாண்டதான் கீறாரு. காத்தைத் தொறந்து வுட்டாரு, காலி சிலிண்டரு உருண்டு உள்ள பூட்ச்சி. அதுல உங்க கடைப் பேரு எழுதியிருக்குதாமே, போலீஸ் பார்த்தா மாட்டிக்குவேன்னு எறங்கி எடுக்கப் போனாரு. இப்பத்தான்."

"நீ ஏன்யா எறங்க வுட்டே?"

"மோந்து பார்த்தேன் சார். வாடையே இல்ல. வாடை இல்லாத குழியில எறங்கினா இன்னா?"

இந்த ஊரில் தோல் வேலை செய்கிற எல்லாருக்கும் அதுதான் கணக்கு. குழி நாறினால் கிட்டே போகமாட்டார்கள். நாறாவிட்டால் தைரியமாக இறங்குவார்கள். எத்தனையோ பேரை அந்த மூக்கு காப்பாற்றியிருக்கிறது. இந்தக் கேஸிடம் அது செல்லாது.

ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். ஓர் ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். கவுஸ் அடியில் குப்புறக் கிடந்தான். பக்கத்தில் சிலிண்டர். 'ஆலன் அண்ட் பாஷா' என்ற எழுத்தில் பாதியைக் கல்லால் சுரண்டியிருந்தான். "கவுஸ்! டேய் கவுஸ்!" என்று கத்தினேன். அசைவே இல்லை.

பச்சையப்பன் குழி விளிம்பில் காலைத் தொங்கப்போட்டுவிட்டார். அவர் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தேன். "எறங்காதே! நீயும் செத்துப்பூடுவே!" எனக்கும் இறங்கப் பயம். உண்மையைச் சொல்ல இப்போது என்ன வெட்கம்? 

"கொக்கிக் கழி!" என்று சொல்லிக்கொண்டே பச்சையப்பன் ஷெட்டுக்குள் ஓடினார். குழியிலிருந்து ஊறின தோலை இழுக்கிற நீளக் கழி அது. குப்புறப் படுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு கொக்கியை விட்டேன். சட்டைக் காலரில் மாட்டி இழுத்தோம், கிழிந்து கையோடு வந்தது. தலை சுற்றியது. எழுந்து போய் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து திரும்பவும் விட்டேன். இரண்டாம் தடவை இடுப்பு பெல்ட்டில் மாட்டியது. "இழு!" என்று இரண்டு பேரும் தம் கட்டி இழுத்தோம். ஜஹீருன்னிசா பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் கை விளிம்புக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது அந்தக் கை.

வெளியே மண்ணில் போட்டு அவன் வாயில் வாய் வைத்து ஊதினேன். எத்தனை தடவை என்று தெரியாது. உதடெல்லாம் நீலம். செத்துவிட்டான், நான்தான் கொன்றேன் என்று நினைத்த நேரத்தில் அவன் நெஞ்சு ஒரு தடவை தூக்கிப்போட்டது. இருமினான். ஜஹீருன்னிசா கத்தி அழுதாள். நானும் அழுதேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி கட்டிலில் அவன் கண் திறந்தான். டாக்டர் பயமில்லை என்றார். எனக்குப் பயம் அப்போதுதான் ஜாஸ்தியானது. கவுஸ் என்னை ஜாடை காட்டிக் கிட்டே கூப்பிட்டான்.

"போலீஸு வந்துதா?"

"இல்லடா."

"ரெண்டுமே காலி பண்ணிட்டேன் தோஸ்த். இனிமே எவனும் ஒண்ணும் பண்ண முடியாது." பெண்டாட்டி பக்கம் திரும்பினான். "இவன் மட்டும் முன்னாலயே சொல்லலன்னா நான் இந்நேரம் ஜெயிலுக்குள்ள இருந்திருப்பேன், ஜஹீரு."

ஜஹீருன்னிசா என் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அல்லா உங்கள நல்லா வெப்பாரு அண்ணா. கூடப் பொறந்தவங்ககூட இப்படி எச்சரிக்கமாட்டாங்க."

கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். விடவில்லை.

"பொய்ம்மா" என்றேன். "ஜெயிலு, ஜீப்பு எல்லாம் பொய். ஒரு ஃபாரம் எழுதிக் குடுத்திருந்தா அவனுங்களே வந்து எடுத்துக்கினு போயிருப்பானுங்க. கவுஸ் என்னப் பார்த்து சிரிச்சான்னு கோவத்துல சொல்லிட்டேன்."

கவுஸ் கூரையைப் பார்த்தபடியே கிடந்தான். ஜஹீருன்னிசா என் கையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் கையை விட்டாள்.