ஒரு இல்லத்தரசி சொல்கிறார்

1

இந்தக் கதை கடுப்பில் பிறந்தது. மனசில் ரொம்ப நாளாகக் கிடந்தது, திடீரென்று முளைத்தது என்றெல்லாம் மற்றவர்கள் சொல்வதுபோல எனக்கும் சொல்ல ஆசைதான். அதெல்லாம் கிடையாது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் தங்கச்சி வீட்டுக்காரர் என் அறைக்கு வந்து ஒரு நோட்டீஸ் எழுதித் தரச் சொன்னார். அவர் படியிறங்கிப் போன பிறகு, நோட்டீஸுக்காக எடுத்து வைத்த தாளில் இதை எழுத ஆரம்பித்தேன்.

நோட்டீஸ்தான் என் பிழைப்பு. பல் டாக்டர், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், ஜன்னலுக்கு வலை அடிப்பவர், யார் வந்தாலும் எழுதுவேன். என் அறைக்கு நேர் கீழே அச்சகம். மெஷின் ஓடினால் என் மேஜை அதிரும். மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. விளம்பரத்தை ஜனங்கள் படிக்கிறார்கள், அவ்வளவுதான்.

2

விளம்பரத்தின் முதல் வரி படிக்கிறவரைச் சுருக்கென்று குத்த வேண்டும். கதைக்கும் அதுதான். குத்திப் பார்த்தவை:

அவள் விரல்களில் ரேகை இல்லை. [நன்றாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது. பிறகு பார்க்கலாம்.]

ஒரு ஊரில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் [தூ.]

உங்கள் சட்டைக் காலரில் படிந்த அழுக்கைப் பார்த்து நீங்கள் எத்தனை முறை [இது நோட்டீஸ். கைப்பழக்கம்.]

சலவைத் திரவம் ஒன்றைக் கண்டுபிடித்த பெண்ணை, அவள் புருஷனே அதை வாங்கியவளாக மாற்றப் பார்த்த கதை இது.

கடைசி வரி அழகாக இல்லை. ஆனால் விஷயம் அதுதான், அதனால் அது இருக்கட்டும்.

3

மாப்பிள்ளை சலவைத் திரவ நோட்டீஸுக்காக ஒரு போட்டோ கொண்டுவந்திருந்தார். ஸ்டுடியோவில் எடுத்தது. வெள்ளைச் சட்டை, கட்டிய கை, பார்வை எங்கேயோ மேலே. நோட்டீஸின் நடுவில் இது பெரிசாக வர வேண்டும், அடியில் ‘நிறுவனர்’ என்று போட வேண்டும் என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு குறித்துக்கொண்டேன். நிறுவனர் என்று போட்டுக்கொள்ளாத கடைக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை. ‘கைக்கு இதமானது’ என்ற வரி கட்டாயம் வேண்டும் என்றார், பெண்கள் அதைத்தான் பார்ப்பார்களாம். அதையும் குறித்துக்கொண்டேன்.

பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு யோசனை சொன்னார்.

“அண்ணி, வாங்கினவங்க யாராவது பேசுற மாதிரி நாலு வரி வேணும். ஜனங்க அதைத்தான் நம்புறாங்க. அவளையே பேச வச்சுடுங்களேன். அவ போட்டோ எல்லாம் வேணாம். ‘ஒரு இல்லத்தரசி சொல்கிறார்’னு போட்டா போதும்.”

எனக்கு முதலில் புரியவே இல்லை. எவளை என்று கேட்டேன்.

“உங்க தங்கச்சியத்தான். அவளுக்குத்தானே இதைப் பத்தி நல்லாத் தெரியும்.”

இந்த இடத்தில் நான் அவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன் என்று நினைப்பீர்கள். முதல் பிரதியில் அப்படித்தான் எழுதியிருந்தேன். அரைப் பக்கத்துக்கு வெளுத்து வாங்கினேன், அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார். பொய். நிஜத்தில், கண்டுபிடித்தது அவள், காய்ச்சுவதும் அவள், அவளை எப்படி வாங்கினவள் என்று போடுவது என்று மட்டும்தான் கேட்டேன். அதுவும் மெதுவாக.

“அவ வேற நான் வேறயா அண்ணி? ரெண்டு பேரும் ஒண்ணுதானே.”

“அப்ப நடுவுல அவ போட்டோவப் போடுங்க.”

சிரித்தார். கதை எழுதுகிறவர்கள் இப்படித்தான் எதையாவது சொல்வார்கள் என்றார். நான் போட்டுக் கொடுத்த காபியைக் குடித்து முடித்துவிட்டு, சனிக்கிழமை அச்சுக்குப் போய்விட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

4

அடுத்து என் தங்கச்சி. அவளைக் கதைக்குள் கொண்டுவருவதுதான் பெரிய பாடு. சொன்னபடி கேட்காத பாத்திரம்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை அப்போது ஒரு கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. வெயிலில் பைக்கில் அலைகிற வேலை. காலர் அழுக்காக இருக்கிறது என்று மேனேஜர் ஒருநாள் எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றிச் சுருட்டி மூலையில் எறிந்தார். அவள் ஒன்றும் பேசாமல் எடுத்துக்கொண்டு போய்த் துவைத்தாள். அழுக்கு போகவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்தாள். பின்பக்கம் துவைக்கிற இடத்தில் காய்ச்ச ஒரு அடுப்பு, ஊற்றிக் கலக்க ஒரு பிளாஸ்டிக் டிரம், கிளற ஒரு மரக்கட்டை. பாதி அங்கே இங்கே கேட்டுத் தெரிந்துகொண்டது, மீதி தானாகப் பண்ணிப் பார்த்தது. ஒரு கலவை சட்டையைப் பொத்தலாக்கியது. இன்னொன்று அழுக்கை அப்படியே விட்டுவிட்டுச் சாயத்தைக் கொண்டுபோனது. எதையும் முதலில் தன் கையில்தான் ஊற்றிப் பார்ப்பாள். துணி போனால் புதுசு வாங்கணும், கை தானாக ஆறிவிடும் என்பாள்.

கை ஆறியது. ஆனால் விரல் நுனியில் ரேகை மழுங்கிப்போனது, இன்னும் சரியாகவில்லை. போனில் விரலை வைத்தால் திறக்காது. ஒவ்வொரு தடவையும் எண்களைத் தட்டித்தான் திறக்கிறாள். புருஷனுக்கும் தெரிந்த எண்கள்.*

* ‘கைக்கு இதமானது’ பொய் இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். இதமில்லாத அத்தனையும் அவள் கையோடு போய்விட்டன. உங்களுக்கு வருவது மிச்சம்.

இப்போது கதைக்கு வருவோம். மாப்பிள்ளை போனதும் அவளைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் கொதிப்பாள், அல்லது அழுவாள், குறைந்தபட்சம் பேச்சில்லாமல் இருப்பாள் என்று எதிர்பார்த்தேன். எது நடந்தாலும் எனக்கு ஒரு நல்ல பத்தி கிடைத்திருக்கும்.

“எழுதிக் குடுத்துடுக்கா,” என்றாள். “பொம்பளை காய்ச்சினதுன்னு தெரிஞ்சா, வீட்டுச் சரக்கான்னு கேட்டுக் கடைக்காரங்க மட்டமாப் பேசுவாங்க. அவர் போட்டோ இருந்தா கம்பெனின்னு நெனச்சுப்பாங்க.”

அதற்கு மேல் சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்டாள். எனக்குப் போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது.

இவள் என்ன இவ்வளவு அசமந்தமாக இருக்கிறாள் என்று உங்களுக்கும் தோன்றும். தோன்றக் கூடாது என்று ஒரு பிரதியில் அவளைக் கத்த வைத்தேன். “என் கையைப் பாருங்க!” என்று புருஷன் முன்னால் இரண்டு கையையும் நீட்டினாள். பிரமாதமாக வந்தது. மறுபடி படித்தால், அவள் வாயில் என் பேச்சு. மாப்பிள்ளை என்னிடம் கேட்டதும் அதைத்தானே. கிழித்துப் போட்டேன்.

5

கேட்டதை எழுதினேன். கூலிக்கு எழுதுகிறவள், எழுதாமல் என்ன செய்வேன். அவள் எனக்கு எப்போதோ சொன்னதை அப்படியே போட்டுவிட்டு, அடிக்க வேண்டியதை அடித்தேன். அடித்தவை அடைப்புக்குறிக்குள் இருக்கின்றன.

“நானும் உங்களைப் போல ஓர் இல்லத்தரசிதான். என் வீட்டுக்காரரின் காலர் அழுக்கைப் போக்க ஒரு நல்ல திரவத்தை (எப்படிச் செய்வதென்று தெரியாமல்) தேடி அலைந்தேன். நான் (காய்ச்சிய) வாங்கிய எதுவுமே சரியாக இல்லை. ஒன்று துணியை அரித்தது. இன்னொன்று கையை அரித்தது. கடைசியில் இது (வந்தது) கிடைத்தது. இனி வேறு எதையும் (செய்து பார்க்க) வாங்க மாட்டேன்.”

எவ்வளவு கொஞ்சமாக அடித்தால் போதும் பாருங்கள். ஓர் ஆளை இல்லாமல் பண்ண நான் ஒரு வாக்கியத்தைக்கூட முழுசாக மாற்றவில்லை. இத்தனை வருஷத்தில் நான் எழுதியதிலேயே நம்பும்படியான விளம்பரம் இதுதான். இந்தப் பெருமையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

6

மாப்பிள்ளையை வில்லனாக்க எனக்குக் கொள்ளை ஆசை. குடிப்பவர், அடிப்பவர் என்று எழுதிவிட்டால் வேலை சுலபம். அவர் குடிப்பதில்லை, அடிப்பதில்லை. வேலையை விட்டுவிட்டு, பைக்கின் இரண்டு பக்கமும் கேனைக் கட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குகிறார். உள்ளே கூப்பிடாமல் வாசலிலேயே நிற்க வைக்கிறார்கள், நிற்கிறார். பாதி தீர்ந்த கேனைச் சரியில்லை என்று திருப்பித் தருகிறார்கள், முகம் கோணாமல் வாங்கிக்கொண்டு வருகிறார். இவர் இல்லாவிட்டால் அந்தத் திரவம் டிரம்மைத் தாண்டியிருக்காது.

இதை எழுத எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. எழுதிவிட்டேன். அதற்காகக் கேனைச் சுமந்தவருக்குக் கேனுக்குள் இருப்பதும் சொந்தமாகிவிடுமா? என் கோபம் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. அந்தப் போட்டோவில் அவர் போட்டிருக்கிற காலர் பளிச்சென்று இருக்கிறதே, அதைத் துவைத்தது யார்?

7

ஒரு நோட்டீஸில் எது முக்கியம் என்று உங்களுக்குச் சொல்லித் தருகிறேன். படம் இல்லை. நான் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதுகிற வரிகளும் இல்லை. அடியில் இருக்கும் போன் நம்பர்தான். சின்ன வியாபாரத்தில் நம்பர்தான் கடை. கூப்பிட்டால் யார் எடுத்து விலை சொல்கிறாரோ அவரைத்தான் ஜனங்கள் முதலாளி என்று எடுத்துக்கொள்வார்கள்.

மாப்பிள்ளை நம்பர் தரவில்லை. அண்ணிக்குத் தெரியாததா என்று விட்டிருப்பார். எனக்கு இரண்டு பேர் நம்பரும் தெரியும்.

அவள் நம்பரைப் போட்டேன்.

போட்டதும் ரொம்ப சந்தோஷமாக இருந்தது. கொஞ்ச நேரம்தான். அவளைக் கேட்காமல் அவளுக்காக முடிவெடுக்க ஏற்கெனவே ஒருத்தர் இருக்கிறார், இரண்டாவதாக நான் எதற்கு? இந்தக் கேள்வி கதைக்கு நல்லது, எனக்குத்தான் பிடிக்கவில்லை. சனிக்கிழமை காலையில் கீழே போய், சரிபார்க்கப் போட்ட முதல் தாளைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். ஒன்றும் எழுதவில்லை. படம் மட்டும்.

கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டாள். பின்னால் டிரம்மில் கட்டை இடிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் நின்றது.

“அக்கா, கீழ என் நம்பர் இருக்கு.”

“ஆமா.”

“மாறிப் போச்சா?”

“இல்ல.”

நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான வேலைகளில் அது ஒன்று.

“அவர் பாத்தா?”

அவர் தன் போட்டோவுக்குக் கீழே எதையும் படிக்கமாட்டார் என்றேன். சிரித்துவிட்டாள். இந்த வாரம் முழுக்க இந்தக் கதையில் யாரும் அப்படிச் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கிய பிறகு குரல் இறங்கிப்போனது.

“போன் பண்றவங்க, யார் பேசுறீங்கன்னு கேப்பாங்களேக்கா. நான் என்னன்னு சொல்லட்டும்?”

ஊரில் இருக்கிற அத்தனை கடைக்கும் பேச்சு எழுதிக் கொடுக்கிறவள் நான். பல்லுக்கு, காருக்கு, ஜன்னலுக்கு எல்லாம் என்னிடம் வார்த்தை இருந்தது. இதற்கு இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள், “அவர் வண்டி வருது” என்று வைத்துவிட்டாள்.

வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. அச்சகத்துக்காரர் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு, ஓட்டலாமா என்று கேட்டார்.

ஓட்டுங்கள் என்றேன்.

8

முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில், திங்கட்கிழமைக்குள் மாப்பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. சத்தம் போடவில்லை. “அண்ணி தப்பாப் போட்டுட்டாங்க” என்று அவள் போனை வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார். நடக்கக்கூடியது இதுதான். அதனாலேயே எழுதக் கை வரவில்லை.

இரண்டாவதில், போன் அடிக்கிறது. அவள் எடுத்து, “நான்தாங்க இதைக் காய்ச்சுறேன்” என்கிறாள். எழுதிவிட்டு அழுதேன். அழுது முடித்துவிட்டுப் பார்த்தால் அது முடிவில்லை, விளம்பரம். என் ஆசையை நானே எனக்கு விற்றுக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவதில், அவள் எடுக்கிறாள். யார் பேசுகிறீர்கள் என்று கேட்கிறார்கள். அவள், “ஒரு நிமிஷம், அவர்கிட்ட

[இதை முடிக்க மாட்டேன். முடியாது.]

9

இதை எழுதும்போது கீழே மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, மேஜை அதிர்கிறது, கையெழுத்து கோணலாகப் போகிறது. நாளைக்குள் அந்த நோட்டீஸ் உங்கள் வீட்டுக் கதவிடுக்கில் செருகப்பட்டிருக்கும். நடுவில் வெள்ளைச் சட்டைக்காரர் மேலே பார்த்துக்கொண்டிருப்பார். ஓரத்தில் ஒரு இல்லத்தரசி நாலு வரி சொல்லியிருப்பார். கசக்கி எறியாதீர்கள்.

நோட்டீஸின் கடைசி வரி எப்போதும் உங்களை ஏதாவது செய்யச் சொல்லும். இன்றே வாருங்கள், இப்போதே வாங்குங்கள் என்று இதுவரை ஆயிரம் வேண்டாத காரியங்களை உங்களைச் செய்யச் சொல்லியிருக்கிறேன். இப்போது ஒன்று கேட்கிறேன். அடியில் இருக்கும் நம்பருக்குக் கூப்பிடுங்கள். ஆண் குரல் எடுத்தாலும் பெண் குரல் எடுத்தாலும், விலையைக் கேட்பதற்கு முன்னால், இதைச் செய்தது யார் என்று கேளுங்கள்.

பெண்ணாக இருந்தால், கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பதில் உடனே வராது. டிரம்மில் கட்டை இடிப்பது நின்றிருக்கும், மூச்சுவிடுகிற சத்தம்கூடக் கேட்காது. லைன் அறுந்துவிட்டது என்று நினைப்பீர்கள்.

அறுந்திருக்காது. போனை வைத்துவிடாதீர்கள்.