இருபத்திரண்டு டிக்

மூன்றாம் வகுப்பு வாத்தியாருக்கு நடத்தை அட்டை போடத் தெரியும். தலைப்பு போடத்தான் தெரியாது. வகுப்பில் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து ஓடுகிற ஒரு சின்னப் பெண்ணுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தவரும் அவர்தான், அவளுக்காகப் பாடவாரியாக வாரத்துக்கு முப்பது கட்டம் போட்டவரும் அவர்தான். ஒரு பாடவேளை முழுக்க உட்கார்ந்திருந்தால் ஒரு டிக். எல்லாம் சரி. பழைய படிவத்தைப் பார்த்து எழுதியதில், ‘இடத்தை விட்டு எழுந்தாள்’ என்ற தலைப்பு மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை அட்டையில் இருபத்திரண்டு டிக். பார்த்த தலைமையாசிரியை, பம்பரத்தை அடங்காத பிள்ளைகளுக்கான தனி வகுப்புக்கு மாற்றும் கடிதத்தை அடித்துவைத்து, கையெழுத்துக்கு அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

வாத்தியார் டஸ்டரும் கையுமாகப் போய் நின்றார். கரும்பலகையைப் பளிச்சென்று வைத்திருப்பதில் அவருக்குத் தனிக் கர்வம்.

“போட மாட்டேன் மேடம்.”

“இருபத்திரண்டு தடவை எழுந்திருக்கா சார்!”

“உட்கார்ந்திருக்கா. தலைப்புதான் தப்பு. தப்பு பண்ணது நான். வேணும்னா என்னைத் தனி வகுப்புக்கு அனுப்புங்க.”

“விளையாடாதீங்க. மேலிடத்துக்குச் சொல்லியாச்சு.”

“சொன்ன வாயாலேயே இல்லைன்னு சொல்லுங்க!” மேசையை ஓங்கித் தட்டினார். தட்டியது டஸ்டரால் என்பது, கடிதமும் தலைமையாசிரியையின் கண்ணாடியும் வெள்ளையான பிறகே உறைத்தது. மன்னிப்பு தொண்டை வரை வந்தது, வீராப்பு வழிவிடவில்லை. “போன மாசம் ஒரு டிக்கும் வாங்காத பொண்ணு மேடம். இப்போ எண்ணிப் பார்த்துச் சிரிக்கிறா. என் வகுப்புல ஒரு நாற்காலி காலியாகணும்னா, அது என்னோடதாத்தான் இருக்கும்.”

தலைமையாசிரியை கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அட்டையை மறுபடி பார்த்தார்.

“அப்போ காலியா இருக்கிற எட்டுதான் எழுந்ததா?”

“ஆமா.”

“எட்டும் கணக்குப் பாடத்துலயே வருதே. அந்த நேரத்துல அப்படி என்னதான் சார் நடக்குது?”

வாத்தியாருக்குச் சுருதி இறங்கியது. ஒரு மாதமாக அவரும் கேட்கிறார். பம்பரம் தோளைக் குலுக்குவதோடு சரி. வாசலில் பையோடு உட்கார்ந்திருந்தவளை உள்ளே கூப்பிட்டார்.

“கண்ணு, கணக்கு நேரத்துல மட்டும் ஏம்மா எழுந்து ஓடி வர்றே?”

அவள் கடிதத்தைப் பார்த்தாள். “சொன்னா என்னை அனுப்பிடுவீங்களா?”

“யாரு அனுப்புறான்னு பார்த்துடுறேன். சொல்லு.”

பம்பரத்தின் பார்வை அவர் கைக்குப் போனது.

“நான் எழுதி முடிக்கிறதுக்குள்ள நீங்க அழிச்சிடுறீங்க சார். தடுக்கத்தான் வர்றேன்.”