காரணம் என்கிற கட்டம்

"ஐ, என், ஏ, என்…" விரலை வைத்து அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல, ஜெராக்ஸ் கடைக்காரி போனில் தட்டிக்கொண்டே வந்தாள். "ஐ, டி, ஐ, ஓ, என். அவ்வளவுதான்."

"இனானிஷன்." கடைக்காரி வாய்க்குள் உருட்டிப் பார்த்தாள். "சோப்புப் பேரு மாதிரி இருக்குக்கா. நான் கேட்டதே இல்ல." போன் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. "வெறுமைன்னு வருது. இருங்க, கீழே இன்னொண்ணு இருக்கு." படித்தாள். சொல்லவில்லை.

"என்ன இருக்கு?"

"பட்டினியால் நலிதல்." சொன்ன பிறகுதான் தாளின் மேல்பக்கம் என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்த்தாள். "யாருக்குக்கா இது?"

"எங்கப்பாவுக்கு. காலையில."

மெஷின் மூன்று தாள்களைத் துப்பியது. சுடுகாட்டுக்கு எடுத்துப்போகும் வண்டிக்காரர் மூன்று பிரதி கேட்டிருந்தார். மூன்றிலும் அந்த வார்த்தை அசலைவிடக் கறுப்பாக விழுந்திருந்தது.

"இந்த ஒரு வார்த்தையை மட்டும் மறைச்சு எடுக்க முடியுமா?"

"மேல ஒரு துண்டுக் காகிதம் வெச்சா மறையும். அசல்ல இருக்குமேக்கா, அதை என்ன பண்ணுவீங்க?"

அவள் தாள்களை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். வீடு இடதுபக்கம். கால் வலதுபக்கம் போயிற்று.

இறப்புக்குக் காரணம் என்கிற அந்தக் கட்டத்தில் தெரிந்த வார்த்தை ஏதாவது இருந்திருந்தால் மடித்து வைத்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போயிருப்பாள். ஆங்கிலத்தில் அவளுக்கு முப்பது, முப்பத்தைந்து வார்த்தை தெரியும். எல்லாம் சலவைச்சாலையில் துணிமூட்டையோடு வரும் சீட்டுகளில் பொறுக்கியவை. வெள்ளை, கறை, கிழிசல், திருப்பி அனுப்பு. தமிழ் எழுத்தே முப்பத்தெட்டு வயதில்தான் கைக்கு வந்தது. ஆங்கிலம் அதற்கும் பிறகு. ஹார்ட் என்ற வார்த்தை மருந்துக்கடைப் பலகையில் பார்த்துப் பழக்கம். அதைத்தான் எதிர்பார்த்திருந்தாள். எண்பத்துமூன்று வயது மனிதருக்கு இதயம் நின்றுபோயிற்று என்று எழுதினால் யார் என்ன கேட்கப்போகிறார்கள்?

இப்போது அண்ணன் கேட்பார். இரண்டு மணி ரயிலில் வருகிறார். ஆங்கிலத்தில் கடிதம் எழுதி அனுப்புவதே அவருடைய உத்தியோகம். தாளைக் கையில் வாங்கியதும் இந்தக் கட்டத்துக்குத்தான் கண் போகும்.

பத்தொன்பது நாளாக அவள் அண்ணனிடம் பொய் சொல்லியிருந்தாள்.

முதல் நாள் உண்மையைத்தான் சொன்னாள். "அப்பா இன்னிக்கு ஒண்ணும் வாங்கலண்ணா, வாயை மூடிக்கிறார்." போனுக்குள்ளிருந்து அண்ணன் கத்தியது கட்டில்வரை கேட்டது. "மூடிக்கிறார்னா? ஊட்டக்கூடத் தெரியாதா உனக்கு? நாளைக்கே ஆஸ்பத்திரியில சேர்த்துடு, மூக்குல குழாய் போடட்டும்." அப்பாவுக்குக் குழாய் புதிதல்ல. போன வருஷம் ஆறு நாள் போட்டிருந்தார்கள். பிடுங்கிவிடக் கூடாது என்று இரண்டு கையையும் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். அப்பா அவள் புடவை முனையைப் பிடித்து, "அது மட்டும் வேணாம்மா" என்றார். மறுநாள் சாயங்காலம் போன் வந்தபோது, "சாப்பிட்டார்ணா" என்றாள். அளவோடு சொன்னாள்: ஒரு ரொட்டி, அரை டம்ளர் பால். அன்றிலிருந்து தினமும்.

போன் அடித்தது. சலவைச்சாலை சூப்பர்வைசர்.

"நாளைக்கு வந்துடுவே இல்ல?"

"அப்பா தவறிட்டார் சார்."

"தெரியும்மா. அதனாலதான் இன்னிக்கு வருவியான்னு கேட்கல."

டியூஷன் சென்டர் மாடியில் இருந்தது. இங்கிலீஷ் மாஸ்டர் விடைத்தாள் கட்டுக்கு நடுவில் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய சட்டைகள் எப்போதாவது சலவைச்சாலைக்கு வரும். அந்தப் பழக்கத்தில் வாசலில் நின்று தாளை நீட்டினாள். தலைப்பை விரலால் மூடிக்கொண்டுதான் நீட்டினாள்.

"அடேயப்பா." மாஸ்டர் நிமிர்ந்தார். "பத்து வருஷமா பாடம் எடுக்கிறேன், இதை ஒரு தடவை கூடக் கரும்பலகையில எழுதினதில்ல." அலமாரியிலிருந்து தடித்த அகராதியை இறக்கி, எச்சில் தொட்டுப் பக்கங்களைத் தள்ளினார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்துவிட்டது. "லத்தீன்லேர்ந்து வந்திருக்கு. காலி பண்ணுறதுன்னு வேரு. ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்துக் கொட்டிட்டா உள்ள என்ன இருக்கும், அது. பழைய காலத்துல வைத்தியருங்க ரத்தம் எடுத்து உடம்பைக் காலி பண்ணுறதுக்குக் கூடச் சொல்லியிருப்பாங்க போல. இதே வேர்ல அசட்டுப் பேச்சுக்கும் ஒரு வார்த்தை இருக்கு, பாருங்க, உள்ளே சரக்கில்லாத பேச்சு…"

"தமிழ்ல என்னங்க?"

"தமிழ்ல ஒண்ணா ரெண்டா?" இன்னொரு புத்தகத்தைப் பிரித்தார். "வெறுமை. உணவின்மையால் வரும் தளர்ச்சி. சத்துக்கேடு. சோர்ந்தொடுங்கல். ஒருத்தர் பட்டினின்னே முடிச்சுட்டார். மொழிபெயர்க்கிறவன் சாப்பிட்டு உட்கார்ந்தானா சாப்பிடாம உட்கார்ந்தானாங்கிறதைப் பொறுத்து மாறும்."

அவரே சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"பட்டினி போட்டது யாருன்னு அதுல இருக்குமாங்க?"

"அகராதியில ஆளைச் சொல்ல மாட்டாங்கம்மா." அவள் விரல் அதற்குள் தாளின் தலைப்பிலிருந்து நகர்ந்திருந்தது. மாஸ்டர் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். "உட்காருங்க. தண்ணி குடிங்க."

"நேரமாச்சுங்க."

கிளினிக்கில் பதினாலு பேர் காத்திருந்தார்கள். காலையில் வீட்டுக்கு வந்துபோன டாக்டரம்மா கதவைத் திறந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டபோது அவள் குறுக்கே போய் நின்றாள். வரிசையில் இருந்த ஒருவர், "நாங்க மட்டும் வேடிக்கை பார்க்க வந்தோமா?" என்றார். தாளைப் பார்த்ததும் அடங்கினார்.

"டாக்டர், இதை மாத்தி எழுத முடியுமா?"

"ஏன், பேர் தப்பா?"

"காரணம்."

டாக்டரம்மா தாளை வாங்கிப் பார்த்தார். "யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"அண்ணன் வரார். நான்தான் கூட இருந்தேன். நான் சோறு போடலன்னு…"

"அப்படியா எழுதியிருக்கேன்?" டாக்டரம்மா கதவைச் சாத்தினார். "இங்க பாருங்க. வயசுன்னு எழுதினா பதிவு ஆபீஸ்ல திருப்பி அனுப்புறாங்க. அவருக்கு இதயம் கடைசிவரைக்கும் ஒழுங்கா இருந்துச்சு. உடம்பு கடையை மூடிக்கிட்டு வந்துச்சு, சரக்கு எடுக்கல. சாப்பிடாததால போகலம்மா, போகப்போறதால சாப்பிடல. ஊட்டியிருந்தா புரைக்கேறிப் போயிருப்பார். நீங்க கேட்டுக் கேட்டுப் பார்த்தீங்கதானே?"

"கேட்டேன்."

வியாழக்கிழமை கேட்கவில்லை. அன்று இரண்டு ஷிஃப்ட். கதவைத் திறந்து வந்தாள், கட்டில் பக்கம் பார்த்தாள், அப்பா விழித்திருந்தார். ஒன்றும் கேட்காமல் சமையலறைக்குப் போய் நின்றபடியே சாப்பிட்டாள். தட்டைக் கழுவும்போது, இன்றைக்கு யார் வாயையும் திறக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை என்று தோன்றியது. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியோடு தூங்கியும் போனாள்.

டாக்டரம்மா பேனாவை எடுத்துவிட்டிருந்தார். "மூச்சு நின்னு போச்சுன்னு எழுதட்டுமா? அதுவும் பொய்யில்ல. எல்லாருக்கும் கடைசியில அதுதான்."

"இப்ப எழுதியிருக்கிறது பொய்யா டாக்டர்?"

"இல்ல."

"அப்ப இருக்கட்டும்."

அதைத் தான்தான் சொன்னோமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இருபதாவது நாளும் ஒன்றைச் சோடித்துச் சொல்ல உடம்பில் தெம்பில்லை, அவ்வளவுதான். வெளியே வந்ததும் திரும்பிப் போய் மாற்றித் தரச் சொல்லலாமா என்று நின்றாள். இரண்டு தடவை படி ஏறினாள். இரண்டு தடவை இறங்கினாள். வரிசையில் இருந்தவர், "உள்ளேயா வெளியேயா, முடிவு பண்ணும்மா" என்றார்.

வீட்டு வாசலில் பெரிய செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. அண்ணன் அதற்குள் வந்துவிட்டார்.

முன்னறையில் அப்பாவைப் படுக்கவைத்து, கழுத்துவரை வெள்ளைத்துணி போர்த்தியிருந்தது. கீழ்வீட்டு அக்கா நாற்காலியில் உட்கார்ந்து ஈ விரட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் சுவரோரம் நின்றார். ரயிலில் அழுதிருப்பார்போல, முகம் கழுவியும் கண் அடங்கவில்லை.

"எங்க போயிட்டே? அப்பாவைத் தனியா விட்டுட்டு."

"பேப்பர் எடுக்கண்ணா."

"கொடு."

அவள் கொடுத்தாள். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பெயர், வயது, முகவரி என்று உதடு அசைந்துகொண்டே இறங்கிற்று. அந்தக் கட்டத்தில் நின்றது. அண்ணன் தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். பிறகு கிட்டே கொண்டுவந்தார். ஒரு முறை கீழ்வீட்டு அக்காவைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"ம். வயசாச்சுன்னா வர்றதுதான். டாக்டர் சரியாத்தான் எழுதியிருக்காங்க."

அண்ணனுக்கு அந்த வார்த்தை தெரியவில்லை.

அவளுக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. ஊரெல்லாம் ஓடி அவள் தெரிந்துகொண்டு வந்த ஒன்று, அண்ணனுக்குத் தெரியவில்லை. அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தார். அதோடு முடிந்துவிடும். வண்டி வரும், தாள் ஆபீஸ் கோப்புக் கட்டுக்குள் போய்ச் சேரும், யாரும் எடுத்துப் படிக்கப்போவதில்லை. கீழ்வீட்டு அக்கா டீ போட்டுக் கொண்டுவருவதாகச் சொல்லி எழுந்து போனாள்.

"அண்ணா."

"சொல்லு."

"அதுக்கு அர்த்தம், சாப்பாடு இல்லாம உடம்பு காலியாகிப் போறது. விசாரிச்சுட்டேன். அப்பா இருபது நாளா ஒண்ணும் சாப்பிடல. ஒரு ஸ்பூன், ரெண்டு ஸ்பூன் தண்ணி, அவ்வளவுதான். உங்ககிட்ட சொன்னதெல்லாம் பொய்."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றியதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"வியாழக்கிழமை ரெண்டு ரொட்டி சாப்பிட்டார்னியே. உருளைக்கிழங்கு தொட்டுக்கிட்டுன்னு. நான் ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொன்னேன்… அப்பா உருளைக்கிழங்கு கேட்டு வாங்கிச் சாப்பிடறார்னு."

"அது நான் சாப்பிட்டது."

அவர் அவளையே பார்த்தார்.

"தினமும் நான் என்ன சாப்பிட்டேனோ அதைத்தான் சொன்னேன். எனக்கு வேற சோடிக்கத் தெரியலண்ணா. வியாழக்கிழமை அவர்கிட்ட கேட்கக்கூட இல்ல. முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தார். நான் கேட்கல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"முதல் நாள் சொன்னேனே."

தெருவில் ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்துப் போயிற்று. அண்ணன் வாயைத் திறந்தார்; அவள் கத்தலுக்குத் தயாரானாள். அவர் அப்பாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். போர்வைக்குள்ளிருந்து அப்பாவின் கையை எடுத்து, கட்டைவிரலையும் நடுவிரலையும் சேர்த்து மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்தார். விரல்கள் ஒன்றையொன்று தாண்டிப் போயின. பிறகு அதே போலத் தன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். எட்டவில்லை.

"குழாய் வேணாம்னு அவரே சொன்னாரா?"

"ம்."

"கையைக் கட்டினது நான்தான், போன தடவை. நர்ஸ் இல்ல. நான்தான் கட்டினேன்."

அவளுக்கு அது தெரியாது. அப்பாவின் கை வெளியிலேயே இருந்தது. அவள் குனிந்து போர்வைக்குள் வைத்தாள்.

வண்டிக்காரர் செருப்போடு வாசற்படியில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். "வண்டி வந்தாச்சுங்க. பிரதி மூணும் இருக்கா? இந்தப் படிவத்துல ஒரு கையெழுத்து வேணும். கடைசிவரைக்கும் உடனிருந்தவர்னு கீழே போட்டிருக்கு பாருங்க, அங்க. யார் போடறீங்க?"

இந்த வீட்டில் எந்தத் தாள் வந்தாலும் அண்ணன்தான் கையெழுத்துப் போடுவார். பழக்கத்தில் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். படிவத்தை வாங்கி மேஜையில் வைத்து, அந்த வரியைப் படித்தார். பிறகு பேனாவைத் திருப்பி அவள் பக்கம் நீட்டினார்.

"நான் எழுத நேரமாகும்ணா."

"ஆகட்டும்."

வண்டிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் உட்கார்ந்து, முதல் எழுத்தின் சுழியைப் போட்டாள். மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது. அண்ணன் குனிந்து அதன் மூலையை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.