வெட்டியதும் விரிந்த சட்டம்

எல்லோரும் நலமா? பல்லெல்லாம் பத்திரமாக இருக்கிறதா? பல்லைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது.

என் தங்கை மன்னூபியா மேல்வரிசைப் பற்கள் அத்தனையும் போய், ஏழு மாதமாகச் சூப்பிலேயே உயிர் வாழ்ந்தாள். டாக்டர் அவள் தாடை எலும்பில் ஆறு திருகுகள் வைத்துவிட்டார். அவற்றின்மேல் உட்கார்ந்து செயற்கைப் பற்களைத் தாங்கவேண்டிய லாட வடிவ உலோகச் சட்டம், சூசா நகரில் நான் வேலை செய்யும் பட்டறையில்தான் அச்சாகவேண்டும். உலோகப் பொடியைப் பரப்பி, லேசரால் உருக்கி, அடுக்கடுக்காக ஏற்றும் எந்திரம் எங்களுடையது. அச்சானதை அடித்தட்டிலிருந்து வெட்டி அளப்பது என் வேலை.

இரண்டு முறை அச்சடித்தோம். இரண்டு முறையும் வெட்டியதும் லாடத்தின் முனைகள் விரிந்துகொண்டன. நாலு திருகில் உட்கார்ந்தது, இரண்டில் உட்காரவில்லை. இனி ஒரே ஒரு சட்டத்துக்குத்தான் பொடி இருந்தது. டாக்டரோ வியாழக்கிழமை தாண்டினால் இரண்டு மாதம் ஊரில் இல்லை.

எங்கள் எஞ்சினியர் ரிஹாப், எந்திரத்தைத் தொடாமல் கணினிக்குள்ளேயே சட்டத்தை அச்சடித்துப் பார்த்தாள். ஒவ்வொரு அடுக்கும் சூடாகி, ஆறி, கீழ் அடுக்கை இழுப்பது திரையில் சிவப்பாகத் தெரிந்தது. பிறகு, சரியாக இருந்த வரைபடத்தை அவளே கோணலாக்கினாள்!

“ஏம்மா, நேரா வரைஞ்சதே கோணலா வந்துச்சு. நீ கோணலாவே வரையுறியே, வெயில் கியில் தலைக்கு ஏறிடுச்சா?” என்றார் முதலாளி மொன்சிஃப்.

“எங்க எவ்வளவு இழுக்கும்னு கணக்கு சொல்லிடுச்சு அண்ணே. அந்த அளவுக்கு இப்பவே உள்பக்கம் ஒடுக்கி வெக்கிறேன். வெட்டினதும் அரை மில்லிமீட்டர் விரியும், சரியா உட்காரும்.”

“விரியலேன்னா?”

“மன்னூபியா அக்காவுக்கு ரெண்டு மாசம் நீங்க சூப்பு வெச்சுக் குடுங்க.”

புதன்கிழமை சட்டம் அடித்தட்டோடு அச்சாகி வந்தது. அளந்தேன். அரை மில்லிமீட்டர் ஒடுங்கல். என் கை பொறுக்கவில்லை. நிமிர்த்திவிடலாமென்று குறடை எடுத்துவிட்டேன்.

“ஐயோ அக்கா, கைய எடுங்க! நிமித்தவேண்டியது நீங்க இல்ல, வெட்டினா அதுவே விரிஞ்சுக்கும்!” என்று கத்தினாள் ரிஹாப்.

குறடை வைத்துவிட்டு ரம்பத்தை ஓட்டினேன். கடைசி இழை அறுந்ததும் ‘டிக்’ என்று ஒரு சத்தம். உயிருள்ளது மூச்சு விட்டதுபோல இரு முனைகளும் தாமாக விலகின. மறுபடி அளந்தேன். சரியாக அரை மில்லிமீட்டர் விரிந்திருந்தது! மன்னூபியாவின் தாடை அச்சின்மேல் வைத்தேன். ஆறு திருகிலும் உட்கார்ந்தது. விளக்கில் பிடித்தால் இடுக்கில் வெளிச்சம்கூட நுழையவில்லை. மொன்சிஃப் தானும் ஒருமுறை வாங்கி விளக்கில் பிடித்துப் பார்த்தார். இன்னும் உருகாத உலோகம் நாளை எந்தப் பக்கம் நெளியும் என்று இன்றே தெரிகிறதென்றால், சுப்ஹானல்லாஹ், வேறென்ன சொல்வது!

வியாழக்கிழமை டாக்டர் பொருத்தினார். கொஞ்ச வாரம் பொறுத்து, என் வீட்டில் மன்னூபியா தந்தூர் ரொட்டியின் மொறுமொறு ஓரத்தைக் கடித்தாள்.

“என்னக்கா பாக்குற? எனக்கு இன்னொண்ணு எடு” என்றாள்.

கோணலாகத் தெரிந்தது கடைசியில் சரியாக வந்து உங்களை வாயடைக்க வைத்ததுண்டா? எனக்கு எழுதுங்கள், ஒன்று விடாமல் படிப்பேன்.