காய்ச்சல் என்று சொன்னது

இக்ராம் அன்றைக்குத்தான் வாய் நிறையப் பால் குடித்தான். பிறந்து இரண்டு மாதமாக அவன் ஷஹானாவைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. நாக்கின் அடியில் ஒரு சவ்வு இறுக்கிப் பிடித்திருந்ததால் பிள்ளைக்குக் காம்பைக் கவ்வ வராது. கடித்துப் புண்ணாக்கிவிட்டு, பசி தாளாமல் வீடே இரண்டாகும்படி கத்துவான். காலையில்தான் பூச்சோங்கில் ஒரு கிளினிக்கில் அந்தச் சவ்வைக் கத்தரித்துவிட்டார்கள். கண் மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்துபோனது. இப்போது கிள்ளான் வீட்டில், மடக் மடக்கென்று அவன் குடிக்கிற சத்தத்தைக் கேட்டு அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

பிறகுதான் பார்த்தாள். உதட்டோரம் வழிந்த பால் வெள்ளையாக இல்லை.

கிளினிக்கில் நின்றிருந்த ரத்தம் மறுபடி கசிந்தது. டாக்டர் கொடுத்தனுப்பிய துணியை நாக்கின் அடியில் வைத்து அழுத்தினாள். நனைந்தது. இன்னொன்றை வைத்தாள். லேசாக வரும் என்று டாக்டர்தான் சொன்னாரே, இதற்குப் போய் ஏன் முகம் வெளுத்துப்போகிறது என்று அவள் புருஷன் இல்யாஸ் கேலி பண்ணினான்.

காலையில் டாக்டர் இன்னொன்றும் கேட்டிருந்தார். குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் நிற்காமல் போனது உண்டா? இல்யாஸ் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து இல்லை என்றான். ஷஹானா அருகிலேயே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இத்தனூண்டு வெட்டுதானே, என்ன ஆகிவிடப்போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், பாவி.

அவளுடைய தம்பியின் சுன்னத் கல்யாணத்துக்கு ஊரையே அழைத்து பிரியாணி போட்டார்கள். விருந்தாளிகள் கலைந்த பிறகும் பையனுக்கு ரத்தம் நிற்கவில்லை. மறுநாள் மையித்து எடுத்து அடக்கம் செய்தார்கள். இது தாய் வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வருகிற கோளாறு என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை உம்மா யாரிடமும் மூச்சுவிடவில்லை. காய்ச்சல் என்றே சொன்னார்கள். வேறென்ன சொல்வது? உண்மை தெரிந்தால் அந்த வீட்டில் பெண் எடுக்க எவன் வருவான்?

மூன்றாவது துணியும் ஊறியபோது இல்யாஸ் கேலியை விட்டுவிட்டுக் கார் சாவியை எடுத்தான். ஷஹானா அடுப்படியில் நின்று உம்மாவுக்குப் போன் போட்டாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போம்மா," என்றாள் உம்மா. "அத மட்டும் சொல்லிடாத. அவங்களே டெஸ்ட் பண்ணிக் கண்டுபிடிச்சுக்குவாங்க."

சாலையில் கடுமையான ஜாம். பின் சீட்டில் இக்ராம் அவள் மடியில் கிடந்தான். துணியை வைத்து அழுத்தும்போதெல்லாம் கத்தியவன் இப்போது அழவேயில்லை. கூப்பிட்டாள், கன்னத்தைத் தட்டினாள். கண்ணைப் பாதி திறந்து மறுபடி மூடிக்கொண்டான். சிக்னலில் கார் நின்றது.

"மச்சான்," என்றாள். "என் தம்பி காய்ச்சல்ல மௌத்தாகல. சுன்னத் பண்ணின ரத்தம் நிக்கல. எனக்குத் தெரியும். காலையிலயும் தெரியும்."

இல்யாஸ் திரும்பினான். பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் லோரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். இல்யாஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளையின் வாயில், அவள் விரலுக்கு அடியில் சிவந்துகொண்டே வந்த துணியைப் பார்த்தான். கார் நகரவில்லை.